ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகம்: எந்த நாகரிகத்தை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பேர் கூடி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகம் ஆடுகிறோம். 1997இல் வந்த கணினி விளையாட்டு. ஒரு பழங்கால நாகரிகத்தை எடுத்து, ஊர் கட்டி, படை திரட்டி, எதிராளியை வெல்ல வேண்டும். 1998இல் ரைஸ் ஆஃப் ரோம் என்ற கூடுதல் பாகம் வந்தது. 2018இல் படம், ஒலி எல்லாவற்றையும் புதுப்பித்து டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. எங்களில் பாதிப் பேர் இதைக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இருந்த பிரவுசிங் சென்டரில்தான். இப்போது அக்கா பையன், மாடிவீட்டுத் தம்பி என்று அடுத்த செட்டும் வந்து உட்காருகிறது. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மொத்தம் 16 நாகரிகம் இருக்கிறதே, பெயரைத் தவிர என்ன வித்தியாசம்?

முதல் பாகத்தில் 12, ரைஸ் ஆஃப் ரோமில் இன்னும் 4. உணவும் மரமும் தங்கமும் சேர்த்துக் கட்டடம் கட்டும் வில்லேஜர் எல்லாருக்கும் ஒன்றுதான், கற்காலத்தில் தொடங்கி இரும்புக் காலம் வரை போகும் வழியும் ஒன்றுதான். வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அந்த நாகரிகத்துக்கு மட்டும் கொடுத்திருக்கும் சலுகை. இன்னொன்று, அதற்குக் கொடுக்காமல் விட்டது. புதிதாக ஆடுகிறவர்கள் சலுகையை மட்டும் படித்துவிட்டு ஆட்டத்தில் இறங்குகிறார்கள். எகிப்தியர்களின் தேர் பலமானது என்று படித்திருப்பார்கள். குதிரைப்படையே அவர்களுக்குக் கிடையாது என்பது அரைமணி நேரம் கழித்து லாயத்தைக் கட்டி முடித்தபோதுதான் தெரியும். கிரேக்கர்களை எடுத்துவிட்டுத் தேர் எங்கே என்று தேடினவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுத்ததைவிட விட்டதை முதலில் பாருங்கள்.

அண்ணா, இன்றைக்குத்தான் முதல்முறை ஆடுகிறேன். எதை எடுக்கட்டும்?

ஷாங், அதாவது பழைய சீனர்கள். யோசிக்கவே வேண்டாம்.

பால்மைராவைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஒரு வில்லேஜரின் விலை 50 உணவு. ஷாங்குக்குப் பதிப்பைப் பொறுத்து 35 அல்லது 40. கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். முதல் 20 வில்லேஜர்களுக்குக் கணக்குப் போட்டால் 200 முதல் 300 உணவு மிச்சம். கற்காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போக வேண்டியது 500 உணவு. அதில் பாதியை உங்களுக்குச் சும்மா கொடுத்து அனுப்பியது மாதிரி. பத்தாவது நிமிடத்தில் நீங்கள் செய்யும் தப்பையெல்லாம் அந்த மிச்சம் தாங்கிக்கொள்ளும். அப்புறம் சுவருக்கும் இரட்டிப்பு வலு உண்டு, ஆனால் அதற்காக யாரும் ஷாங்கை எடுப்பதில்லை.

எந்த நாகரிகத்தைப் பற்றிக் கேட்டாலும் ஏன் தங்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்?

ஏனென்றால் இந்த விளையாட்டில் தீர்ந்து போவது அதுதான். மரம் வரைபடம் முழுக்க நிற்கும். உணவுக்கு வயல் போட்டுக்கொண்டே இருக்கலாம். தங்கம் மட்டும் குவியல் குவியலாக எண்ணி வைத்திருப்பார்கள். தோண்டி முடித்தால் முடிந்தது. கடல் இருக்கும் வரைபடமாக இருந்தால் வணிகப் படகை எதிராளியின் துறைமுகத்துக்கு அனுப்பிக் கொஞ்சம் தங்கம் கொண்டுவரலாம். தரைவழி வரைபடத்தில் அதுவும் இல்லை.

ஒரு தங்கக் குவியலில் இருப்பது 400. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரைவீரனுக்கு 80 தங்கம், அதாவது ஒரு குவியலுக்கு 5 பேர். குதிரை வில்லாளிக்கு 70, அதுவும் 5 பேர்தான். எதிராளியின் ஆளை மதம் மாற்றித் தன் பக்கம் இழுக்கும் பூசாரிக்கு 125, ஆக 3 பேர். கல்லெறி எந்திரம் 80. ஹாப்லைட் என்ற கனத்த ஈட்டிக்காரனுக்கு 40, ஆக 10 பேர். யானைக்கும் 40தான், ஆனால் கூடவே 170 உணவு கேட்கும். காம்போசிட் வில்லாளிக்கு 20, ஒரு குவியலுக்கு 20 பேர். வாள்வீரனுக்கு 15, அதாவது 26 பேர். இரும்புக் காலத்துக்குப் போகவே 1000 உணவோடு 800 தங்கம் கட்ட வேண்டும். இரண்டு குவியல் அங்கேயே போய்விடுகிறது.

இப்போது தேரைப் பாருங்கள். தேருக்கு 40 உணவு, 60 மரம். தேர் வில்லாளிக்கு 40 உணவு, 70 மரம். தங்கம் ஒரு பைசா கிடையாது. ஆராய்ச்சிகளுக்குத்தான் தங்கம் வேண்டும், ஆளை இறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடிய ஆட்டத்தில் இரண்டு பக்கமும் தங்கம் வற்றிப்போன பிறகு, ஒருவன் லாயத்திலிருந்து தேர் இறங்கிக்கொண்டே இருக்கும், இன்னொருவன் இருக்கிற பத்துக் குதிரையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு இருப்பான். அந்த நிமிடத்தை மனதில் வைத்துத்தான் நான் ஒவ்வொரு நாகரிகத்தையும் எடைபோடுகிறேன். தங்கம் தீர்ந்த பிறகு உன்னிடம் என்ன இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாகரிகத்தை எடுக்காதீர்கள்.

சரி, தேருக்கு யார் நல்லவர்கள்?

மூன்று பேரைச் சொல்வேன்.

அசிரியர்கள் முதலில். அவர்களுடைய வில்லாளிகள் மற்றவர்களைவிட வேகமாக அம்பு விடுவார்கள். முதல் பதிப்பில் 40 சதவீதம் அதிகம். அது தேர் வில்லாளிக்கும் சேரும். வில்லேஜர்களும் வேகமாக நடப்பார்கள். வெண்கலக் காலத்துக்கு வந்து சக்கரத்தைக் கண்டுபிடித்த கையோடு ஆறு தேர் வில்லாளிகளை எதிராளியின் தங்கக் குவியலுக்கு அனுப்புங்கள். போன மாதம் இங்கே ஒரு ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு தேரும் குவியலுக்கு மேற்கே மரங்களின் ஓரமாக நின்றன. எதிராளி நான்கு ஹாப்லைட்டுகளை அனுப்பினான். ஹாப்லைட் நெருங்கி வரும்வரை அம்பு, கிட்டே வந்ததும் பத்தடி பின்னால், திரும்ப அம்பு, திரும்பப் பின்னால். நான்கு ஹாப்லைட்டும் ஒரு அடிகூட அடிக்காமல் விழுந்தன. தங்கம் வெட்டிக்கொண்டிருந்த ஏழு வில்லேஜர்களும் கோடரியைப் போட்டுவிட்டு ஓட, அந்தக் குவியல் அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை தொடப்படாமலே கிடந்தது. ஆடினவளுக்கு வயது 14. விரல் நிதானமாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

எகிப்தியர்களின் தேருக்கு 33 சதவீதம் கூடுதல் உயிர். 70 உயிர் உள்ள தேர் வில்லாளி அவர்களிடம் 93க்கு வருவான். தங்கம் வெட்டுவதும் அவர்களுக்கு வேகம். தங்கம் தேவைப்படாத படையை வைத்துக்கொண்டு தங்கத்தையும் வேகமாக எடுத்தால், அத்தனையும் பூசாரிக்குப் போகும். எகிப்தியப் பூசாரிக்கு எட்டும் தூரம் 10க்குப் பதில் 13. தேரும் பூசாரியும் சேர்ந்து நகரும் எகிப்தியப் படையை எதிர்ப்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஹிட்டைட்டுகளுக்கு வில்லாளியின் தாக்கும் வலு ஒன்று கூடுதல், கல்லெறி எந்திரங்களுக்கு இரட்டிப்பு உயிர். தேரை முன்னால் விட்டுப் பின்னால் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஊரே காலியாகும். ஒரு எச்சரிக்கை: எந்திரத்தின் கல்லுக்கு நம் ஆள், அவன் ஆள் என்ற பேதம் தெரியாது. முன்வரிசையில் நிற்பது உங்கள் தேராக இருந்தால் அதன் தலையிலும் விழும்.

யானைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. யானையை எடுத்தால் ஜெயித்துவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத பையனை நான் பார்த்ததில்லை. 600 உயிர், மிதிக்கும்போது பக்கத்தில் நிற்பவனுக்கும் அடி. பார்க்கவே மனசு நிறையும். ஆனால் யானைக்கு இரண்டு குறை. ஒன்று, மெதுவாக நடக்கும். இன்னொன்று, மெதுவாக நடப்பதால் பூசாரியிடம் மாட்டும்.

எங்கள் அக்கா பையன் கார்த்தேஜை எடுத்து ஒன்பது யானை சேர்த்துவிட்டான். கார்த்தேஜ் யானைக்கு 25 சதவீதம் கூடுதல் உயிர், ஒவ்வொன்றும் 750. ஒன்பதையும் ஒரே கொத்தாகத் தேர்ந்தெடுத்து எதிராளியின் ஊர் நடுவே இருக்கும் டவுன் சென்டரைச் சொடுக்கிவிட்டு, சுண்டல் எடுக்கக் கீழே போனான். காட்டோரத்தில் மூன்று பூசாரிகள் நின்றிருந்தார்கள். பூசாரி மதம் மாற்றப் பாடும் அந்த ‘வோலோலோ’ சத்தம் மூன்று முறை கேட்டது. மேலே வந்து பார்த்தபோது அவனுடைய மூன்று யானைகள் நிறம் மாறி மற்ற ஆறை மிதித்துக்கொண்டிருந்தன. மூன்று பூசாரிக்கு 375 தங்கம் ஆகியிருக்கும். அவன் ஒன்பது யானைக்கு 360 தங்கமும் 1530 உணவும் போட்டிருந்தான்.

யானை எடுப்பதென்றால் கூடவே நான்கைந்து தேராவது போக வேண்டும். தேர் எளிதில் மதம் மாறாது, பூசாரியை விரட்டி அடிப்பதிலும் கெட்டி. தேர் முன்னால் ஓடிப் பூசாரியைத் தேடட்டும், யானை பின்னால் வரட்டும்.

யாருடைய யானை என்று கேட்டால், பாரசீகர்களுடையது நடையில் பாதிக்குப் பாதி வேகம் கூடுதல், பூசாரி இரண்டாவது தடவை பாடுவதற்குள் கிட்டே போய்விடும். பினீசியர்களுக்கு 25 சதவீதம் மலிவு. ஒரு யானைக்கு 30 தங்கம்தான், ஒரு குவியலுக்கு 13 யானை. மரம் வெட்டுவதும் அவர்களுக்கு வேகம். நானாக இருந்தால் பினீசியர்களை எடுப்பேன். காரணம் மறுபடியும் தங்கம்தான்.

கிரேக்கர், மாசிடோனியர், கார்த்தேஜ்: மூன்று பேரிடமும் ஹாப்லைட் நல்லது என்கிறார்கள். எது?

ஹாப்லைட்டை நேருக்கு நேர் கைகலப்பில் எதிர்க்க முடியாது. குதிரைகூட நிற்காது. அவனைக் கொல்வது தூரம்தான்: அம்பும் கல்லும். அதனால் மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் போதும். கிரேக்க ஹாப்லைட் 30 சதவீதம் வேகமாக நடந்து தூரத்தைக் குறைக்கிறான். கார்த்தேஜ் ஹாப்லைட் கூடுதல் உயிரால் தாங்குகிறான். மாசிடோனியனுக்கு அம்பைத் தாங்கும் கவசம் இரண்டு கூடுதல்.

தேர் வில்லாளி எதிரே வருவான் என்று தெரிந்தால் மாசிடோனியா. அவர்களை மதம் மாற்றுவதும் மற்றவர்களைவிட நாலு மடங்கு கஷ்டம், முற்றுகை எந்திரங்களுக்குப் பாதி விலை. ஓட்டத்தை நம்பி ஆடுகிறவருக்குக் கிரேக்கம். கார்த்தேஜை நான் ஹாப்லைட்டுக்காக எடுப்பதில்லை.

வாள்வீரன் ரொம்ப மலிவு என்றீர்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். 35 உணவு, 15 தங்கம் என்பது இந்த விளையாட்டிலேயே நல்ல பேரம். மேம்படுத்தும் செலவு அதிகம், காத்திருக்க வேண்டும், அதனால்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். சோசனிடம், அதாவது பழைய கொரியர்களிடம், வாள்வீரனை மேம்படுத்தினால் வரும் நீள்வாள் வீரனுக்கும் லீஜியனுக்கும் 80 உயிர் கூடுதல். 160 உயிர் உள்ள லீஜியன் 240க்குப் போகிறான், விலை அதே 15 தங்கம். ரோமர்களிடம் வாள்வீரன் 33 சதவீதம் வேகமாக வெட்டுவான். கட்டடங்களும் 15 சதவீதம் மலிவு, காவல் கோபுரம் பாதி விலை. எதிராளியின் வாசலில் கோபுரம் கட்டி அதன் நிழலில் வாள்வீரனை நிறுத்துவது ரோமர்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

ரைஸ் ஆஃப் ரோமில் லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு ஆராய்ச்சி உண்டு. அது கிடைக்கும் நாகரிகங்களுக்குப் பாசறை வீரர்கள் மக்கள்தொகையில் பாதியாகத்தான் கணக்காவார்கள். 50 பேர் எல்லைக்குள் ஆடும்போது இது பெரிய விஷயம்.

யமாட்டோ?

பழைய ஜப்பானியர்கள். அவர்களிடம் குதிரை. 25 சதவீதம் மலிவு, வில்லேஜர் வேகம். தங்கம் இருக்கும்வரை ராஜா. சீக்கிரம் முடிக்கத் தெரிந்தவர்கள் எடுக்கலாம், இழுத்தடிப்பவர்கள் வேண்டாம். எதிராளி யமாட்டோ என்றால் ஒட்டகத்தை இறக்குங்கள். குதிரைக்கு அதுதான் மருந்து.

பாபிலோன், சுமேரியா, மினோவா இவர்களை நீங்கள் எடுத்துப் பார்த்ததே இல்லையே?

பாபிலோனியர்களின் சுவரும் கோபுரமும் இரட்டிப்பு உயிர். பொறுமைசாலிக்கு நல்லது, எனக்குச் சரிவராது. சுமேரிய வில்லேஜருக்கு 25க்குப் பதில் 40 உயிர். தொடக்கத்திலேயே வந்து வில்லேஜரைக் கொல்லும் ஆட்டக்காரர்களுக்கு எதிராக இது எவ்வளவு உதவும் என்பது அடிபட்டவர்களுக்குத் தெரியும். மினோவாவுக்குக் கப்பல் 30 சதவீதம் மலிவு, காம்போசிட் வில்லாளிக்கு எட்டும் தூரம் இரண்டு கூடுதல். கடல் வரைபடத்தில் நான் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

உண்மையான வரலாற்றிலும் இந்தப் படைகள் இப்படித்தான் இருந்தனவா?

சில இடங்களில் பொருத்தம் அழகாக இருக்கிறது. மாசிடோனியாவுக்கு முற்றுகை எந்திரம் பாதி விலை. கி.மு. 332இல் அலெக்சாந்தர் தீவாக இருந்த பினீசிய நகரமான டயரைப் பிடிக்கக் கடலில் பாதை போட்டு, எந்திரங்களைத் தள்ளிக்கொண்டு போய், ஏழு மாதம் முற்றுகையிட்டார். கார்த்தேஜின் யானையும் அப்படித்தான். கி.மு. 202இல் ஸாமாவில் கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் யானைகள் பாய்ந்து வந்தபோது ரோமத் தளபதி சிபியோ தன் வரிசைகளுக்கு நடுவே சந்து விட்டு நிறுத்தியிருந்தார். யானைகளில் பல அந்தச் சந்து வழியே போய்விட்டன. விளையாட்டிலும் யானை வந்தால் கூட்டமாக நிற்காமல் விலகி நிற்பதுதான் வழி.

எகிப்தியரும் ஹிட்டைட்டுகளும் கி.மு. 1274 வாக்கில் காதேஷில் மோதியது தேர்ப்படையால். எகிப்தியத் தேரில் இரண்டு பேர், ஹிட்டைட் தேரில் மூன்று பேர் என்று எகிப்தியச் சிற்பங்கள் காட்டுகின்றன. அதனால் ஹிட்டைட் தேருக்கும் தனிச் சலுகை ஒன்று கொடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நம்ம ஊர்ப் படை ஏன் இதில் இல்லை?

முதல் பாகத்தில் இந்தியாவே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தேர், யானை, குதிரை, காலாள் என்று படையை நான்காகப் பிரித்துப் பேசியது நம் சங்கப் பாட்டு. மற்ற நாடுகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க வேண்டியது நம்மிடம் ஒரே வரிசையில் நிற்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்பு ஆயுதங்களைப் பார்க்கலாம். துரு ஏறி, விளிம்பு உதிர்ந்து, ஆனாலும் வாளின் வளைவு கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போன பிறகு, திரையில் இரும்புக் காலம் என்ற பொத்தானை அவர்கள் அழுத்தும் விதமே மாறிவிட்டது.

ஆசை தீர இரண்டு வழி உண்டு. 2022இல் இதே விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு வந்த கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் என்ற நாகரிகம் இருக்கிறது. சுருள்வாள் வீசும் வீரனும் திரிசடை என்ற கப்பலும் அவர்களுக்கு மட்டும் உரியவை. ஆனால் அது இடைக்காலப் போர். பழங்காலமே வேண்டும் என்றால் ஜீரோ ஏ.டி. என்ற இலவச விளையாட்டில் மௌரியர்கள் இருக்கிறார்கள், சந்திரகுப்தர், அசோகர், சாணக்கியர் மூவரும் தலைவர்களாக வருவார்கள். சோழரையும் பாண்டியரையும் தன் ஆட்சிக்கு வெளியே உள்ளவர்களாக அசோகரே கல்வெட்டில் சொல்லியிருக்கிறார். அந்த வெளியே உள்ளவர்களையும் ஒருநாள் யாராவது ஆட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில் இதை இன்னும் யார் ஆடுகிறார்கள்?

வியட்நாமில் போட்டி வைத்து ஆடுகிறார்கள், பார்ப்பதற்குப் பெரிய கூட்டம் உண்டு. 2023இல் இரண்டாம் பாகத்துக்குள் இந்தப் பழைய ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது லாக் வியட் என்ற புது நாகரிகத்தையே சேர்த்தார்கள். அப்புறம் மேற்கு மாம்பலத்தில் நாங்கள்.

இரண்டு இரண்டு பேராக ஆடினால் எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஒருவர் பால்மைரா எடுக்கட்டும். அவர்களுடைய வில்லேஜர் 75 உணவு, விலை கூடுதல்தான்; ஆனால் வேகமாக வேலை செய்வார்கள், கவசமும் உண்டு. முக்கியமானது வேறு. மற்றவர்கள் கூட்டாளிக்குப் பொருள் அனுப்பினால் வரி பிடிக்கும், பால்மைராவுக்கு வரியே இல்லை. பாலைவனத்தில் ஒட்டக வணிகத்தால் வாழ்ந்த நகரத்துக்கு ஏற்ற சலுகை. பால்மைராக்காரர் தங்கத்தைத் தோண்டித் தோண்டிப் பக்கத்து நாற்காலிக்கு அனுப்ப, அங்கே யமாட்டோ இருந்தால் குதிரை நிற்காமல் இறங்கும். எதிரணியில் அசிரியா இருந்தால் மட்டும் அந்தத் தங்கக் குவியலைச் சுற்றி முதலில் இரண்டு கோபுரம் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.